லேசான சிவப்பின் மகாத்மியம்

ரெட் ஒயினை லேசானது, நடுத்தரம், கனமானது என்று மூன்றாகப் பிரிப்பது வழக்கம். இந்தக் கனம் தராசில் ஏறாது. ஒரு மடக்கை வாயில் வைத்துக்கொண்டிருக்கும்போது நாக்கு தருகிற வாக்குமூலம் அது. வாக்குமூலத்துக்குச் சாட்சிகள் உண்டு. ஆல்கஹால் கூடக்கூட ஒயின் வழுவழுப்பாகி வாயை நிறைத்துக்கொள்ளும். திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்கும் டானின், துவர்ப்பாக வந்து ஈறைப் பிடித்து இழுக்கும். ஒயினைக் காய்ச்சி வற்றவிட்டால் அடியில் என்ன மிஞ்சுமோ, அந்தக் கரைபொருள்கள் மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஆல்கஹால் 11 முதல் 13 சதவீதத்துக்குள் நின்று, துவர்ப்பு அடங்கி, புளிப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தால் லேசான ரெட். 14, 15 என்று ஏறி, துவர்ப்பும் பழச்சத்தும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டினால் கனமான ரெட்.

நிறம் வேறு சமாச்சாரம். கருந்திராட்சைகளில் பெரும்பாலானவற்றின் சதைக்கு நிறமே கிடையாது. உரித்துப் பார்த்தால் வெளிறிய பச்சைதான். சிவப்பு முழுவதும் தோலில் உள்ள அந்தோசயனின் தருவது. தோல் மெல்லிசாக இருந்து, அதில் நிறமியும் குறைவாக இருந்தால் ஒயின் வெளிறிப்போகும். அதற்காக வெளிறியதெல்லாம் லேசானது என்றும் சொல்லிவிட முடியாது. இத்தாலியின் நெபியோலோ பார்வைக்குச் சாதுவான செங்கல் நிறம். குடித்தால் துவர்ப்பில் உதடு பல்லோடு ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் மனிதன் முதலில் கண்ணால்தான் குடிக்கிறான். இதற்கு ஆதாரமாக 2001இல் வெளியான ஓர் ஆய்வைக் காட்டுவார்கள். பிரான்சில் போர்டோ பல்கலைக்கழகத்தில் ஒயின் தயாரிப்பை முறையாகப் படித்துக்கொண்டிருந்த 54 மாணவர்களிடம் ஒரு வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். பக்கத்திலேயே அதே வெள்ளை ஒயின், மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து. வாசனையை விவரிக்கச் சொன்னதும், முதல் கிளாஸுக்கு வெள்ளை ஒயின் சொற்களும், சாயம் போட்ட கிளாஸுக்கு ரெட் ஒயினுக்கே உரிய சொற்களும் வந்து விழுந்தன. படித்துப் பட்டம் வாங்கப் போகிறவர்களின் மூக்கு, கண் கொடுத்த விடையைப் பார்த்து எழுதியிருந்தது.

ஆகவே லேசான ரெட்டுக்கு நெடுங்காலம் கிடைத்த மரியாதை, தமிழ் வீடுகளில் இரண்டாவது டிகாக்‌ஷனில் கலந்த காபிக்குக் கிடைக்கிற மரியாதைதான். வீட்டுக்காரர்கள் குடித்தால் சிக்கனம், விருந்தாளிக்குக் கொடுத்தால் அவமரியாதை. எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகம் கிளாஸின் வழியாகத் தெரியக்கூடாது. அந்த அளவுக்குக் கருத்திருந்தால்தான் அது மதிக்கத்தக்க ஒயின். விற்பனையாளர் ஒரு பாட்டிலை எடுத்து ‘இது லேசானது’ என்று நீட்டினால், தன் சம்பளத்தைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டான் என்று முகம் சிவக்கிற வாடிக்கையாளர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

கருமைக்கு இந்தப் பவிசு வந்ததில் மதிப்பெண்ணுக்கும் பங்குண்டு. ராபர்ட் பார்க்கர் என்ற அமெரிக்க வழக்கறிஞர் 1978இல் ஒயின் விமர்சனத்துக்கென்றே ஒரு செய்திமடல் தொடங்கி, பள்ளிக்கூடப் பாணியில் 100க்கு மார்க் போட ஆரம்பித்தார். அந்தக் கணக்கில் ஒரு தாராளம் இருந்தது: எண்ணிக்கை 50இல்தான் தொடங்கும். பாட்டிலுக்குள் வந்து சேர்ந்துவிட்டாலே பாதி மார்க். 90 வாங்கிய ஒயின் கடையில் நிற்காது, 89 வாங்கியது நகராது என்று வியாபாரிகள் சொல்வார்கள். அரை மார்க்கில் மெடிக்கல் சீட் போன கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பார்க்கரின் மூக்கு 10 லட்சம் டாலருக்கு இன்ஷூர் செய்யப்பட்டிருந்தது; அது எதை முகர்ந்தால் மகிழும் என்று தோட்டக்காரர்கள் யோசிக்கத் தொடங்கினார்கள். நன்றாகப் பழுத்த, திடமான, புது ஓக் பீப்பாயின் வாசம் ஏறிய ஒயினுக்கு மார்க் கொட்டுகிறது என்ற முடிவுக்கும் வந்தார்கள்.

முடிவில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஒரே மேஜையில் ஐம்பது அறுபது கிளாஸ்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் வாயில் விட்டுக் கொப்பளித்துத் துப்பிக்கொண்டே போகும்போது, கத்திப் பேசுகிற ஒயின்தான் கவனத்தில் நிற்கும். அடக்கமாகப் பேசுவது துப்பும் பாத்திரத்தோடு போய்விடும். எனவே பழங்களைக் கொடியில் இன்னும் சில வாரம் தொங்கவிட்டார்கள், சர்க்கரை ஏறியது, சர்க்கரைதான் ஆல்கஹாலாக மாறுவது என்பதால் அதுவும் ஏறியது. 1970களில் 12.5 சதவீதத்தைச் சுற்றி இருந்த கலிபோர்னியாவின் கேபர்னே ஒயின்கள், 2000க்குப் பிறகு 14, 15 என்று லேபிளில் போட்டுக்கொண்டன. நிறம் போதாதவர்களுக்கு மெகா பர்ப்பிள் கைகொடுத்தது. சதையே சிவப்பாக உள்ள ரூபிரெட் என்ற திராட்சையிலிருந்து எடுக்கும் அடர்சாறு அது. சில துளி விட்டால் வெளிறிய ஒயினும் மானம் காத்துக்கொள்ளும். பார்க்கர் 2019இல் ஓய்வு பெற்றார். மெகா பர்ப்பிள் ஓய்வு பெற்றதாகத் தகவல் இல்லை.

லேசான ரெட்டின் மீது போடப்பட்ட வழக்குகளில் மிகப் பெரியது இதைவிடப் பழையது. 1395 ஜூலை 31 அன்று, ‘துணிச்சல்காரர்’ என்று பட்டப்பெயர் பெற்ற பர்கண்டியின் கோமகன் பிலிப், காமே என்ற திராட்சைக்கு எதிராக ஓர் ஆணை பிறப்பித்தார். இந்தக் கொடி படுமோசமானது, விசுவாசமற்றது, இதன் ஒயின் மனித உடம்புக்கு ஆகாது, எல்லாவற்றையும் வெட்டி வேரோடு பிடுங்குங்கள் என்றது ஆணை. ஒரு கொடி எந்த வகையில் துரோகம் செய்யும் என்பதற்கு அதில் விளக்கம் இல்லை. ராஜதுரோகக் குற்றத்துக்கு ஆளான தாவரங்களின் பட்டியல் மிகச் சிறியது. காமேக்கு அதில் முதலிடம் தரலாம்.

உள்விவகாரம் எளிது. கொள்ளைநோய்க்குப் பிறகு கூலிக்கு ஆள் கிடைக்காத காலம். பர்கண்டியின் பெருமைக்குரிய பினோ நுவார், பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கே உரிய நோஞ்சான் உடம்புக்காரர். பனி பட்டாலும் சுருங்குவார், மழை பெய்தாலும் அழுகுவார். காமே அவரைவிட ஏறத்தாழ இரண்டு வாரம் முன்னாலேயே பழுத்து, கூடை கூடையாகக் காய்த்தது. குடியானவர்கள் எதை நடுவார்கள் என்பதை யூகிக்கக் கோமகனின் மூளை தேவையில்லை. ஆனால் கோமகனின் கவலை, பர்கண்டி ஒயினின் பெயர் கெட்டு விலை சரியும் என்பது. அவருடைய பேரன் ‘நல்லவர்’ பிலிப் காலத்திலும் தடை திரும்பப் போடப்பட்டது. ஒரே தடையை இரண்டு முறை போடவேண்டி வந்தது என்றால் முதல் தடையை ஊர் எப்படி மதித்திருக்கும் என்பதும் தெரிகிறது.

தீர்ப்புக்கு 600 ஆண்டுகள் கழித்து மேல்முறையீட்டில் ஒரு புதிய சாட்சி வந்தது. 1999இல் மரபணுச் சோதனை செய்தவர்கள், காமேயின் பெற்றோர் பினோவும் குவே பிளான் என்ற வெள்ளைத் திராட்சையும்தான் என்று கண்டுபிடித்தார்கள். குவே பிளான் என்பது குடியானவர்கள் வீட்டுத் தேவைக்கு வளர்த்த, யாரும் மதிக்காத ரகம். கோமகன் அப்பாவை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டே மகனை ஊரைவிட்டுத் துரத்தியிருக்கிறார். அதே தம்பதிக்குப் பிறந்த இன்னொரு பிள்ளைதான் ஷார்டனே. அது பர்கண்டியிலேயே தங்கி, உலகின் விலை உயர்ந்த வெள்ளை ஒயின்களைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. சாதி பார்த்துக் கொடியைப் பிடுங்கியவர்களுக்கு இதைவிட நல்ல பதிலடியை ஒரு நாவலாசிரியரால்கூட யோசித்திருக்க முடியாது.

விரட்டப்பட்ட காமே தெற்கே போஜொலே மலைச்சரிவுகளில் போய்க் குடியேறியது. அங்கே கருங்கல் பாறை உதிர்ந்த மண். சுண்ணாம்பு மண்ணில் சாதாரணமாக இருந்த கொடி, இந்த மண்ணில் ஆளே மாறிப்போயிற்று. ஃபிளூரி, மோர்கோன், மூலான்-ஆ-வான் உட்படப் பத்து இடங்களின் ஒயினுக்கு இன்று தனிப் பெயர் உரிமை உண்டு. பத்தாவதாக ரேன்யே சேர்ந்தது 1988இல். இவற்றின் லேபிளில் ‘போஜொலே’ என்ற சொல்லைப் பொடி எழுத்தில் போடுவார்கள், அல்லது போடவே மாட்டார்கள். காரணம், அந்தப் பெயருக்கு நேர்ந்த இன்னொரு விபத்து: நூவோ.

நூவோ என்பது அந்த ஆண்டு அறுத்த திராட்சையிலிருந்து சில வாரங்களிலேயே தயாராகி விற்பனைக்கு வரும் ஒயின். முன்பு அறுவடை முடிந்த களைப்புக்கு உள்ளூர்க்காரர்களும் லியோன் நகரத்து மதுக்கடைகளும் குடித்துத் தீர்த்த சரக்கு. 1951இல் இதற்கு அதிகாரபூர்வ அனுமதி கிடைத்தது. 1985 முதல் நவம்பர் மாதத்தின் மூன்றாவது வியாழக்கிழமை என்று நாள் குறித்தார்கள். புதன் நள்ளிரவு தாண்டியதும் பாட்டில்கள் கிளம்பும். 1970களில் முதல் பெட்டியை லண்டனுக்கு யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று காரிலும் விமானத்திலும் பந்தயமே நடந்தது. ஜோர்ஜ் துபோஃப் என்ற வியாபாரி இதை உலகத் திருவிழாவாக மாற்றினார். தேதிக்கோட்டின் தயவில் பிரான்சுக்கு முன்பே வியாழக்கிழமை பிறக்கும் ஜப்பான், நூவோ மீது பித்துப் பிடித்து அலைந்தது. ஹகோனேயில் ஒரு வெந்நீர்க் குளியல் விடுதியில் அதைக் குளியல் தொட்டியிலேயே ஊற்றிவிட்டார்கள். குடிப்பதா குளிப்பதா என்ற சந்தேகம் வந்த பிறகு ஒரு ஒயினுக்கு மரியாதை மிஞ்சுவது கஷ்டம்.

நூவோ இவ்வளவு சீக்கிரம் தயாராவதன் ரகசியத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். வழக்கமான ரெட் ஒயினுக்குப் பழத்தைக் காம்பிலிருந்து பிரித்து நசுக்கி, தோலோடு ஊறவிட்டு நொதிக்க வைப்பார்கள். இங்கே குலையை நசுக்காமல் முழுசாகவே தொட்டியில் போட்டு மூடி, கார்பன் டை ஆக்சைடு நிரப்பிவிடுவார்கள். மூச்சுமுட்டிய திராட்சை, ஈஸ்டின் உதவி இல்லாமல் தன் நொதிகளைக் கொண்டே தன் சர்க்கரையைச் சாப்பிடத் தொடங்கும். ஒவ்வொரு பழமும் தனித்தனிச் சாராயக்கூடம். உள்ளே ஆல்கஹால் 2 சதவீதத்தைத் தொடும்போது பழம் உயிரை விட்டு வெடிக்கும். அதன் பிறகு ஈஸ்ட் வந்து பொறுப்பேற்றுக்கொள்ளும். விதையும் காம்பும் கசங்காததால் துவர்ப்பு அதிகம் இறங்காது. பழவாசம் தூக்கலாக வரும், சில சமயம் வாழைப்பழ வாசமே வந்துவிடும். ஐசோஅமைல் அசிட்டேட் என்ற எஸ்டரின் வேலை அது. வாழைப்பழத்தின் வாசனைக்கும் அதுவேதான் காரணம்.

நூவோவின் புகழ் ஏறியபடியே இறங்கியது. 2001ஆம் ஆண்டு விளைச்சலில் விற்காமல் தேங்கியதைக் காய்ச்சி வடிக்க அனுப்பவேண்டியதாயிற்று. ஆனால் போஜொலேயைக் காப்பாற்றும் வேலையைச் சிலர் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே சத்தமில்லாமல் தொடங்கியிருந்தார்கள். ஜூல் ஷோவே என்பவர் ஒயின் வியாபாரி, கூடவே வேதியியல் தெரிந்தவர். ரசாயன உரம் வேண்டாம், பாக்கெட் ஈஸ்ட் வேண்டாம், சர்க்கரை சேர்க்க வேண்டாம், கந்தகத்தைக் கூடியவரை தவிருங்கள் என்று அவர் சொன்னதை மோர்கோனில் மார்செல் லப்பியேர் உள்ளிட்ட சிலர் கேட்டுக்கொண்டார்கள். தாத்தா செய்த மாதிரி செய் என்பதுதான் உபதேசம். அதைச் சொல்ல ஒரு வேதியியல்காரர் வரவேண்டியிருந்தது. இன்றைய ‘இயற்கை ஒயின்’ இயக்கம் அங்கிருந்து கிளம்பியதுதான். இயக்கத்தில் சேர்ந்த சிலரின் ஒயினில் குதிரை லாய வாசம் அடிப்பதற்கு ஷோவே பொறுப்பல்ல.

காமே வரை வந்தவர்கள் அதற்குமேல் போவது அரிது. ஜான்சிஸ் ராபின்சன், ஜூலியா ஹார்டிங், ஹோசே வூயமோஸ் மூவரும் சேர்ந்து 2012இல் வெளியிட்ட ஒயின் திராட்சைக் களஞ்சியத்தில் 1,368 ரகங்கள் இருக்கின்றன. உலகத்து உணவகங்களின் ஒயின் பட்டியலை ஆக்கிரமித்திருப்பவையோ விரல்விட்டு எண்ணக்கூடிய சில. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்சரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பாவின் தோட்டங்களைத் தின்று தீர்த்தபோது, திரும்ப நடும் செலவைப் பார்த்த விவசாயிகள் நல்ல விளைச்சல் தருவதையும் நல்ல விலை போவதையும் மட்டுமே நட்டார்கள். எஞ்சிய ஆயிரத்துச் சொச்சம் ரகங்களைக் காப்பாற்றியது பெரும்பாலும் பிடிவாதம்தான்.

பிடிவாதத்துக்கு ஜூரா நல்ல உதாரணம். பிரான்சின் கிழக்கே, சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டிய சின்னப் பகுதி. திராட்சை சுமார் 2,000 ஹெக்டேர். பூல்சார் இங்கேயுள்ள ரகம். தோல் அவ்வளவு மெல்லிசு. நாள் கணக்கில் ஊறப்போட்டாலும் ஒயினுக்கு வெங்காயத்தோல் சிவப்புக்கு மேல் ஏறாது. ஒரு கிளாஸில் ஊற்றிச் செய்தித்தாளின் மேல் வைத்தால் இரங்கல் விளம்பரத்தின் பொடி எழுத்தைக்கூடப் படிக்கலாம். ரோஸ் ஒயின் கேட்கவில்லையே என்று திருப்பி அனுப்பப்படுகிற ரெட் ஒயின் இது. குடித்தால் புளிப்புச் செர்ரி, ஈரமண், கொஞ்சம் தேயிலை. துவர்ப்பு அநேகமாக இல்லை. ப்யூபிலான் என்ற கிராமத்தில் சில நூறு பேர்தான் வசிக்கிறார்கள். ஊர்ப் பலகையில் தங்கள் ஊரை இந்தத் திராட்சையின் உலகத் தலைநகரம் என்று அறிவித்துக்கொண்டார்கள். போட்டிக்கு வேறு எந்த ஊரும் வராததால் பட்டம் இன்றுவரை அவர்களிடமே இருக்கிறது. ஜூராவில் ருசிபார்க்க உட்கார்ந்தால் ரெட்டை முதலில் கொடுத்து வெள்ளையைப் பிறகு கொடுப்பார்கள். அங்கே வெள்ளைதான் கனம். பக்கத்து ஊர் ஆர்ப்வாவில் வளர்ந்தவர் லூயி பாஸ்டர். மூன்றாம் நெப்போலியன் 1863இல் கேட்டுக்கொண்டதன் பேரில் ஒயின் ஏன் கெட்டுப்போகிறது என்று ஆராய்ந்தவர். உலகம் அவரை நினைப்பது பாலுக்காக. ஆர்ப்வாக்காரர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆல்ப்ஸைத் தாண்டினால் ஸ்கியாவா. இத்தாலியின் வடகோடியில், ஜெர்மன் பேசும் தென்டிரோலின் பந்தல்களில் விளைவது. ஜெர்மன்காரர்கள் ஃபெர்னாட்ச் என்பார்கள், வூர்ட்டம்பெர்கில் ட்ரோலிங்கர். ஸ்ட்ராபெர்ரியும் பாதாம் கசப்பும் கலந்த இந்த ஒயினை உள்ளூரில் காலை பத்து மணிக்கே ஒரு துண்டு உப்புக்கண்டப் பன்றி இறைச்சியோடு ஆரம்பித்துவிடுவார்கள். மெரானோ நகரத்தில் 19ஆம் நூற்றாண்டில் இதை ஒயினாக்காமல் பழமாகவே தட்டு தட்டாகச் சாப்பிடச் சொல்லி நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். 1970களில் தென்டிரோலின் திராட்சைப் பரப்பில் பாதிக்கு மேல் ஸ்கியாவாதான். விலை போகாத சரக்கு என்று பிறகு பிடுங்கிப் பிடுங்கி நட்டதில், இன்று சிறு பங்குதான் மிச்சம். பிடுங்காமல் விட்டவர்களின் பழைய கொடிகளுக்கு இப்போது கிராக்கி. ரியல் எஸ்டேட்டில் ‘அப்பவே வித்திருந்தா’ என்று புலம்புவதற்கு எதிர்மாறான புலம்பல் அந்த மலைகளில் கேட்கிறது.

ஸ்கியாவா வகையில் ஒன்றான ஸ்கியாவா கிரோசாவுக்கு இங்கிலாந்தில் பிளாக் ஹாம்பர்க் என்று பெயர். லண்டனின் ஓரத்தில் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768இல் நட்ட பிளாக் ஹாம்பர்க் கொடி இன்னும் காய்க்கிறது. அந்தப் பழத்தை வருகிறவர்களுக்கு விற்கிறார்கள். இதே பிளாக் ஹாம்பர்க்கையும் அலெக்சாண்டிரியா மஸ்கட்டையும் சேர்த்ததில் பிறந்தது மஸ்கட் ஹாம்பர்க். இந்த இடத்தில் தேனி மாவட்டத்துக்காரர்கள் நிமிர்ந்து உட்காரலாம். கம்பம் பள்ளத்தாக்கில் சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி பக்கமெல்லாம் பந்தல் போட்டு, ஆண்டு முழுவதும் மாறி மாறி அறுத்து, தள்ளுவண்டியில் கிலோ கணக்கில் விற்கிற பன்னீர்த் திராட்சை மஸ்கட் ஹாம்பர்க்தான். 2023இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் விதையைத் துப்பிக்கொண்டே ஒருவர் காலி செய்கிற கொத்துக்கு, டிரோல் மலையில் ஒரு பாட்டி இருக்கிறாள். அரண்மனையில் ஒரு பெரியம்மா இருக்கிறாள். கிலோ விலை கேட்டுப் பேரம் பேசும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை.

இத்தாலியில் இப்படிப்பட்ட உதிரிப் பிரமுகர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பியட்மாண்டின் கிரின்யோலினோ, வெளிறிய ரோஜா நிறத்தில் அப்பாவிபோல வந்து உட்காரும். பழத்துக்குள் விதை அதிகம், ஆகவே துவர்ப்பும் அதிகம். முதல் மடக்கிலேயே சாயம் வெளுத்துவிடும். கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில் கேபர்னேயால் பெயர் பெற்ற ஜோ ஹைட்ஸ், 1961இல் முதலில் வாங்கிய தோட்டம் கிரின்யோலினோ தோட்டம்தான். கேபர்னே புகழும் பணமும் தந்தது. கிரின்யோலினோவை அவர் குடும்பம் பிடுங்கவில்லை.

அதே பியட்மாண்டில் வெர்தூனோ என்ற ஊரின் ரகம் பெலவெர்கா. ஸ்ட்ராபெர்ரியில் மிளகுத்தூள் தூவியது போன்ற வாசம். இந்த மிளகு, வர்ணனையாளர்களின் கற்பனை அல்ல. ரோட்டுண்டோன் என்ற சேர்மம் மிளகுக்கு மிளகு வாசம் கொடுப்பது. அதுவே சில திராட்சைத் தோல்களிலும் இருக்கிறது என்று ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 2008இல் உறுதிப்படுத்தினார்கள். அதே சோதனையில், ஐந்தில் ஒருவருக்கு எவ்வளவு கலந்தாலும் இந்த வாசனை தெரியவே இல்லை என்பதும் தெரியவந்தது. ஒயின் மேஜைகளில் ‘மிளகு, மிளகு’ என்று தலையாட்டுகிறவர்களில் ஐந்தில் ஒருவர் மரியாதைக்காக ஆட்டுகிறார் என்று இப்போது அறிவியல்பூர்வமாகவே சொல்லலாம்.

சிசிலியின் ஃபிராப்பாத்தோ இன்னும் இலகுவானது. நேரோ தாவோலா என்ற திராட்சையோடு கலந்து செரசுவோலோ தி வித்தோரியா என்ற ஒயினாகும். இத்தாலிய ஒயின் சட்டத்தின் உச்சத் தகுதியை 2005இல் பெற்ற இதுதான் சிசிலியில் அத்தகுதி பெற்ற ஒரே ஒயின். வெயில் கொளுத்துகிற தீவில் கனமான ஒயின்தான் விளையும் என்ற பாடநூல் வாக்கியத்தை இது படித்ததில்லை.

ஃபிரியூலியின் ஸ்கியோப்பெத்தினோ கதை, எந்த நாட்டு அரசு அலுவலகத்திலும் நடந்திருக்கக்கூடியது. 1970களில் அந்த ரகம் அநேகமாக அழிந்துவிட்டது. ராபுட்சி தம்பதி, ரோங்கி தி ச்சால்லா என்ற தங்கள் தோட்டத்துக்காக அங்கங்கே ஒன்றிரண்டாக நின்ற கொடிகளைத் தேடிப் பிடித்து நட்டார்கள். ஆனால் அரசாங்கத்தின் அனுமதிப் பட்டியலில் ஸ்கியோப்பெத்தினோவின் பெயர் இல்லை. பட்டியலில் இல்லாத கொடியை நடுவது குற்றம். நூற்றாண்டுகளாக அதே மண்ணில் நிற்கிற கொடி, தான் அங்கே இருப்பதற்கான சான்றிதழைக் காட்ட முடியாமல் திணறியது. இந்த வேலைக்காகவே, சாராயம் காய்ச்சும் நோனினோ குடும்பம் 1975இல் ஏற்படுத்திய பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. ஒரு கையில் சட்டமீறல், ஒரு கையில் பரிசு. அதிகாரிகள் சில ஆண்டுகளில் இறங்கிவந்து பட்டியலில் பெயரைச் சேர்த்தார்கள். இதுவும் மிளகு வாசக்காரர்தான், பெலவெர்காவைவிட நிறம் கொஞ்சம் கூடுதல்.

சிலியின் பயீஸ், மேல்தட்டு மனிதர்கள் நாலு தலைமுறையாகக் கைகழுவிய ரகம். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியப் பாதிரிமார்கள் பூசைக்கு ஒயின் வேண்டும் என்று கப்பலில் ஏற்றிவந்த லிஸ்தான் பிரியேத்தோதான் இது. கலிபோர்னியாவில் மிஷன், அர்ஜென்டினாவில் கிரியோயா சிக்கா, சிலியில் பயீஸ். சொந்த ஊரான ஸ்பெயின் நிலப்பரப்பில் அது ஏறக்குறைய மறைந்தேபோய், கானரி தீவுகளில் ஒண்டிக்கொண்டிருக்கிறது. சிலியின் சீமான்கள் பிரான்சுக்குப் போய்த் திரும்பியபோது கேபர்னேயும் மெர்லோவும் கொண்டுவந்தார்கள். பயீஸ் கூலிக்காரர்களின் குடமதுவாயிற்று. தெற்கே மவுலே, இத்தாத்தா பக்கம் நூறு, இருநூறு வயதுக் கொடிகள் நீர்ப்பாசனம்கூட இல்லாமல் நிற்கின்றன. அதே கொடிகளைத் தேடித்தான் இப்போது ஐரோப்பாவிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். கூலிக்காரர்களின் பேரப்பிள்ளைகள் அவர்களுக்கு ஊற்றிக் கொடுத்து, பாட்டிலுக்கு விலையும் சொல்லத் தெரிந்துகொண்டுவிட்டார்கள்.

இவற்றைக் குடிக்கும் முறையில் ஒரே ஒரு விதி முக்கியம்: குளிர். ரெட் ஒயினை ‘அறை வெப்பநிலையில்’ பரிமாற வேண்டும் என்ற விதியை எழுதியவர்களின் அறை, கல்சுவர் வீட்டில் 16, 17 டிகிரியில் இருந்தது. அதை மே மாதச் சென்னையில் அப்படியே கடைப்பிடித்தால் கிடைப்பது கஷாயம். லேசான ரெட்டுக்கு 12 முதல் 14 டிகிரி போதும். குளிர் துவர்ப்பைத் தூக்கிக் காட்டும் என்பதால் கனமான ஒயினைக் குளிர்வித்தால் கசக்கும். துவர்ப்பே குறைந்த ஒயினுக்கு அந்தப் பயம் இல்லை. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் வெளியே வைத்து ஊற்றினால் சரியாக இருக்கும். ரெட் ஒயினை ஃபிரிட்ஜில் வைப்பதைப் பார்த்து முகம் சுளிக்கிறவர் யாராவது பக்கத்தில் இருந்தால், அவருக்கு மட்டும் வெதுவெதுப்பாகக் கொடுத்துவிடலாம்.

காரமான சாப்பாட்டுக்கு ஒத்துவருவதும் இந்த வகைதான். ஆல்கஹால் கூடினால் மிளகாயின் எரிச்சல் கூடும். துவர்ப்பும் அதோடு சேர்ந்துகொண்டு வாயைப் புண்ணாக்கும். செட்டிநாட்டுக் கோழிக்கு 15 சதவீத ஷிராஸைப் பரிந்துரைக்கிறவர்கள் கோழியைச் சாப்பிட்டதில்லை, அல்லது ஷிராஸைக் குடித்ததில்லை. காமேயோ ஸ்கியாவாவோ சில்லென்று இருந்தால் மீன் வறுவலுக்கும் சரியாக வரும்.

கடைசியாக ஒரு கணக்கு. 12 சதவீதம் என்று லேபிள் போட்ட 750 மில்லி பாட்டிலில் 90 மில்லி சுத்த ஆல்கஹால் இருக்கிறது. 14.5 சதவீதக் கனமான ஒயினில் அது 109 மில்லிக்குக் கொஞ்சம் குறைவு. லேசு என்பதற்காக உடம்புக்குக் கிடைக்கிற தள்ளுபடி, பாட்டிலுக்கு 19 மில்லிதான்.